வெள்ளையாக ஏதோ இருக்கிறது, என்ன மருந்து போடலாம்?

கப்பி மீன் வளர்க்கும் நண்பர்கள் யாராவது நேரங்கெட்ட நேரத்தில் போன் செய்தால், எடுக்கும் முன்பே எனக்குத் தெரியும், இந்தக் கேள்விதான் வரப்போகிறது என்று. மீன் மேல் வெள்ளையாக ஏதோ இருக்கிறது, என்ன மருந்து போடலாம்? நான் திருப்பிக் கேட்பேன்: புள்ளியா, திட்டா, பஞ்சு மாதிரியா, தூள் மாதிரியா? கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம், "வெள்ளையாத்தாங்க இருக்கு" என்று அதே பதில் வரும். பாதிப் பேர் எனக்குப் போன் போடுவதற்கு முன்பே நீல மருந்தை ஊற்றி முடித்திருப்பார்கள், தொட்டியில் இனி எதுவுமே தெரியாது.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அப்படி ஊற்றிய ஆள்தான். என்னிடம் அப்போது பத்தொன்பது கப்பிகள் இருந்தன, மூன்று நாளில் எட்டாகக் குறைந்தன. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கப்பி வைத்தியத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடிய தவறுகளில் முக்கால்வாசி அதில் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை இரவு, விளக்கை அணைக்கப் போகும்போது மஞ்சள் வால் பெண் மீன் ஒன்று மேல்மட்டத்தில் தனியாக நின்றது. முதுகுத் துடுப்பைச் சுற்றி ஒரு வெளிறிய பட்டை. உடம்பின் இரண்டு பக்கமும் வழிந்து இறங்கியிருந்தது, குதிரையின் மேல் சேணம் போட்ட மாதிரி. நான் பார்த்தது வெள்ளை நிறத்தை மட்டும். வெள்ளை என்றால் வெண்புள்ளி நோய், வெண்புள்ளிக்கு வெப்பத்தைக் கூட்ட வேண்டும் என்று எங்கோ படித்தது ஞாபகத்துக்கு வந்தது. ஹீட்டரை 30 டிகிரிக்குத் திருகிவிட்டு, மெதிலீன் புளூ என்ற அந்த நீல மருந்தைச் சொட்டுக் கணக்கு பார்க்காமல் விட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு தூங்கப் போனேன். காலையில் மூன்று மீன் தரையில் கிடந்தன. உயிரோடு இருந்ததில் இரண்டுக்கு வாயைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. இன்னும் ஒரு டிகிரி கூட்டினேன். ஆமாம், கூட்டினேன்.

அது கொலம்னாரிஸ். ஃபிளாவோபாக்டீரியம் கொலம்னாரே என்ற பாக்டீரியா செய்கிற வேலை. பார்க்கப் பூஞ்சை மாதிரியே இருப்பதால் பலரும் பூஞ்சை மருந்து போட்டு நேரத்தை வீணாக்குவார்கள். இதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் கொண்டாட்டம். வெப்பம் ஏற ஏற வேகமாகப் பெருகும், வீரியமான வகையாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தொட்டியே காலியாகும். அதாவது வெண்புள்ளிக்குச் செய்யவேண்டிய முதல் வேலை, கொலம்னாரிஸில் செய்யவே கூடாத வேலை. இரண்டுமே "வெள்ளையாக" இருக்கும். என்ன நோய் என்று தெரிவதற்கு முன் ஹீட்டரைத் தொடாதே என்று இன்றைக்கும் என் ஹீட்டர் டப்பாவின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சரி, வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வெண்புள்ளி என்றால் புள்ளியை எண்ண முடியும். பொடி உப்பைத் தூவிய மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனியாக, லேசாகத் தூக்கிக்கொண்டு, எதுவும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருக்கும். உடம்பில் மட்டுமல்ல, வாலிலும் துடுப்பிலும் இருக்கும். கப்பியின் பெரிய வால் இதற்கு ஒரு வசதி, வெளிச்சத்தில் பிடித்த காகிதம் போல அதில் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். கொலம்னாரிஸை எண்ண முடியாது. அது தட்டையான திட்டு, ஓரம் சில சமயம் லேசாக மஞ்சளடிக்கும், முதுகிலோ வாயோரத்திலோ வால் தொடங்கும் இடத்திலோ பிடித்து சில மணி நேரத்திலேயே பரவும். நிஜமான பூஞ்சை இரண்டுபோலவும் இருக்காது. நூல் நூலாகத் தண்ணீரில் நீட்டிக்கொண்டு அசையும், பெரும்பாலும் ஏற்கெனவே காயம் பட்ட இடத்தில்தான் வளரும், அவசரப்படாது. தூள் மாதிரி என்றால் அது வெல்வெட் நோய். அதைப் பார்க்க அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும், தங்கப்பொடி பூசிய மாதிரி மின்னும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

இன்னும் ஒரு வெள்ளை பாக்கி இருக்கிறது, கப்பிக்காரர்கள் அதிகம் பயப்பட வேண்டிய வெள்ளை. டெட்ராஹைமினா என்ற ஒற்றைச்செல் உயிரி. வழக்கமாக அது தண்ணீரில் அழுகும் பொருள்களைத் தின்று தன்பாட்டுக்குப் பிழைக்கும் ஜீவன். தொட்டி அசுத்தமாகி மீன் களைத்துப்போனால், தோலில் புகுந்து சதை வரைக்கும் போய்விடும். கப்பியை அது அடிக்கடி தாக்குவதால் அதற்குக் "கப்பி நோய்" என்றே பெயர். மங்கலான வெள்ளைத் திட்டு, அந்த இடத்தில் செதில் சிலிர்த்து நிற்கும். தோலின் மேல் இருக்கும்வரை உப்பும் மருந்தும் ஏதாவது செய்யும், சதைக்குள் போனபின் தண்ணீரில் கலக்கும் எந்த மருந்தும் அதைத் தொடாது. பார்த்ததும் அந்த மீனைத் தனியாக எடுத்துவிட்டு, தரையைச் சுத்தம் செய்து, மிச்ச மீன்களைக் காப்பாற்றப் பார்ப்பதுதான் புத்தி.

வெண்புள்ளியின் வைத்தியம் தெரிந்த விஷயம்தான், ஆனால் அதன் வாழ்க்கைச் சக்கரம் புரியாமல் செய்தால் திரும்பத் திரும்ப வரும். நமக்குத் தெரிகிற புள்ளி, தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அங்கே மருந்து போகாது. வயிறு நிறைந்ததும் அது உதிர்ந்து தரைக்குப் போய், ஒரு கூடு கட்டிக்கொண்டு, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிந்து, குட்டிகளாக நீந்தி வெளியே வரும். அந்த நீந்தும் குட்டிகளைத்தான் மருந்து கொல்லும். ஆக, மருந்து போட்ட மறுநாள் புள்ளி மறைந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, தரையில் குடித்தனம் நடக்கிறது என்று அர்த்தம். 25 டிகிரியில் ஒரு சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும், தண்ணீர் குளிர்ந்திருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். வெப்பத்தைக் கூட்டச் சொல்வது இந்தச் சுற்றை விரைவுபடுத்தத்தான். கூட்டுவதும் ஒரு மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். கூடவே ஏர் பம்பை நன்றாகத் திறந்துவிட வேண்டும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். கடைசிப் புள்ளி மறைந்தபின்னும் நாலைந்து நாளாவது வைத்தியத்தைத் தொடர்வது என் வழக்கம்.

கொலம்னாரிஸுக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். வெப்பத்தை மெல்ல 24 டிகிரிக்கு இறக்கி, தண்ணீரை மாற்றி, லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் உப்பு போட்டு, காற்றோட்டத்தைக் கூட்டி, முடிந்தால் கிராம்-நெகட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாவைக் (கொலம்னாரிஸ் அந்த வகைதான்) கொல்லும் ஆன்டிபயாட்டிக்கைத் தனித் தொட்டியில் கொடுக்க வேண்டும். பல நாடுகளில் அதற்கு மருத்துவர் சீட்டு தேவை, வாங்குவதற்குள் மீன் போய்விடலாம் என்பதும் உண்மை. அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தால் பதினொன்றில் நாலையாவது பிழைக்க வைத்திருப்பேன். எல்லாவற்றையும் காப்பாற்றியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

மருந்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு மானக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். என் தொட்டி அறுபது லிட்டர் என்று வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தேன், அறுபது லிட்டருக்கே மருந்து அளந்தேன். ஒருநாள் ஸ்கேலை எடுத்து அளந்தால் நீளம் 60, அகலம் 30, தண்ணீர் நிற்கும் உயரம் 25 சென்டிமீட்டர். பெருக்கினால் 45 லிட்டர். கல்லும் மரக்கட்டையும் அடைத்த இடத்தைக் கழித்தால் சுமார் 42. இத்தனை காலம் நாற்பது சதவீதத்துக்கு மேல் அதிக மருந்தை ஊற்றியிருக்கிறேன். உங்கள் தொட்டியை இன்றைக்கே அளந்து ஓரத்தில் எழுதி வையுங்கள். மருந்து போடும்போது ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றியதை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். செம்பு கலந்த மருந்து என்றால் நத்தையையும் இறாலையும் முதலில் வெளியேற்ற வேண்டும், அவற்றுக்கு அது விஷம்.

ஆனால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல், நோயே கிடையாது, தண்ணீர். கப்பி துடுப்பையும் வாலையும் ஒட்ட மடக்கிக்கொண்டு குச்சி மாதிரி நிற்கிறது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, செவுள் சிவந்திருக்கிறது என்றால் முதலில் எடுக்க வேண்டியது அம்மோனியா பரிசோதனை டப்பா. புதுத் தொட்டியில், கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் இருபது மீனை விட்டால் அவை தங்கள் கழிவிலேயே மூச்சு முட்டும். இதில் கப்பிக்கு ஒரு கூடுதல் சிக்கல். அதற்குப் பிடித்தது 7-க்கு மேல் பிஎச் உள்ள கடினமான தண்ணீர். ஆனால் பிஎச் 8-ல் இருக்கும்போது, அதே அளவு அம்மோனியாவில் விஷமான பங்கு 7-ல் இருப்பதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. பரிசோதனைக் குழாயில் லேசாகப் பச்சை தட்டினாலே கப்பிக்காரருக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். அப்போது மருந்தை ஊற்றினால் என்ன ஆகும்? சில மருந்துகள் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லும், அம்மோனியா இன்னும் ஏறும், மீன் இன்னும் மோசமாகும், ஆள் இன்னும் மருந்தை ஊற்றுவார். இந்தச் சுழலில் மாட்டிச் செத்த கப்பிகள்தான் உலகத்தில் அதிகம் என்பது என் கட்சி. பாதித் தண்ணீரை, குளோரின் நீக்கி, அதே வெப்பத்தில் மாற்றுங்கள். மறுநாளும் மாற்றுங்கள். இரண்டு நாள் சாப்பாடு போடாதீர்கள், கப்பி பட்டினியில் சாகாது.

நின்ற இடத்திலேயே உடம்பை நெளித்து நெளித்து, நீந்துவது போல் நீந்தி எங்கேயும் போகாமல் இருக்கும் கப்பியைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு முதல்முறை அதைப் பார்த்தபோது நரம்புக் கோளாறு என்று தோன்றியது. இரண்டு வகை மருந்து கொடுத்துப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் காரணம் தண்ணீர் ரொம்ப மென்மையாக இருந்ததுதான். கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத தண்ணீரில் கப்பியால் உடம்பின் உப்புச் சமநிலையைக் காக்க முடிவதில்லை. ஃபில்டருக்குள் ஒரு பை நிறைய உடைத்த பவளத்துண்டு போட்டேன், பத்து நாளில் நெளிவு நின்றது. ஒட்டுண்ணி, பாக்டீரியா என்று தேடியவனுக்குக் கடைசியில் கைகொடுத்தது ஒரு பை கல்.

உப்பைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. என் அபிப்பிராயம், கப்பிக்கு உப்பு நல்ல தோழன், ஆனால் தினமும் போடவேண்டிய ஊட்டச்சத்து கிடையாது. லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று கிராம், தனியாகக் கரைத்து, ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. அம்மோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட் என்ற விஷம் ஏறிக் கிடக்கும் தொட்டியில் இது உயிர் காக்கும், உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். ஆவியாகிப்போன தண்ணீரை ஈடுகட்டும்போது உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயேதான் இருக்கிறது. செடிகள் வாடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது வயிற்றுப் பக்கம் வரலாம், ஏனென்றால் என்னை அதிகம் கற்றுக்கொள்ள வைத்தது அங்கே நடந்த ஒரு விஷயம். ஒரு பெண் கப்பி நன்றாகச் சாப்பிடும், ஆனால் மெலிந்துகொண்டே போகும். குட்டி போடும் நாள் கடந்தும் போடவில்லை. வயிற்றுக்குள் எதுவோ என்று தோன்றியது, என்ன என்று தெரியவில்லை. ஒருநாள் மாலை நாற்காலியைத் தொட்டிக்கு ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். நாம் போய் நின்றாலே கப்பிகள் சாப்பாடு என்று நினைத்துத் துள்ளிக்கொண்டு வரும், அந்தத் துள்ளலில் ஒன்றும் பார்க்க முடியாது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். அது ஒரு இலையின் பக்கத்தில் அசையாமல் நின்றது. ஆசனவாயிலிருந்து செந்நிறத்தில் மூன்று நூல் துண்டுகள் மெதுவாக வெளியே வந்தன, மூன்று நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும், குட்டி முள்கரண்டி மாதிரி விரிந்து நின்றன. மீன் லேசாக வாலை அசைத்தது, மூன்றும் சட்டென்று உள்ளே போய்விட்டன. இத்தனை நாள் நான் எட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும் மீன் துள்ளியிருக்கிறது, அவை ஒளிந்திருக்கின்றன.

காமல்லானஸ் புழு. குடலின் சுவரைக் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும், சிவப்பு அதனால்தான். இது முட்டை போடாது, உயிருள்ள லார்வாக்களை ஈனும். இயற்கையில் நடுவில் ஒரு நுண்ணிய இறால்வகை உயிரி வழியாகத்தான் சுற்று ஓடும், ஆனால் கப்பியிடம் அதிகம் காணப்படும் காமல்லானஸ் கோட்டி அந்த இடைத்தரகர் இல்லாமலே தொட்டிக்குள் மீனிலிருந்து மீனுக்கு நேராகத் தாவக்கூடியது. ஒரு மீனுக்குக் கண்டால் எல்லா மீனுக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வெண்புள்ளி மருந்து, பூஞ்சை மருந்து, உப்பு எதுவும் இதை அசைக்காது. லெவமிசோல் வேண்டும், தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம், ஒரு நாள். வெளிச்சத்தில் அது சிதையும் என்பதால் தொட்டியைத் துணி போட்டு மூடினேன். இந்த மருந்து புழுவைக் கொல்வதைவிட வாதம் வந்தமாதிரி முடக்கிவிடும், பிடியை விட்டுவிடும், மீன் கழித்துவிடும். கழித்தது தரையில் கிடந்தால் மற்றது கொத்தித் தின்னும், அதனால் மறுநாள் சைஃபன் குழாயால் தரை முழுக்க உறிஞ்சி எடுத்துத் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று. அந்த மீன் பிழைத்தது, இரண்டு மாதம் கழித்து ஏழு குட்டி போட்டது. அதன் பழைய கணக்குக்கு ஏழு ரொம்பக் குறைவு, ஆனாலும் ஏழையும் தனித்தனியாகப் பெயர் வைக்காத குறையாகப் பார்த்துக்கொண்டேன்.

தோலில் ஒட்டும் ஜைரோடாக்டைலஸ் புழுவும் கப்பியின் பழைய எதிரி, கண்ணுக்குத் தெரியாது, மீன் கல்லில் உரசுவதையும் வால் கிழிவதையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஒரு புழுவின் வயிற்றில் குட்டி, அந்தக் குட்டியின் வயிற்றில் ஏற்கெனவே இன்னொரு குட்டி என்று பெட்டிக்குள் பெட்டியாகப் பிறக்கும், அதனால் நாலு நாளில் ஒன்று பலவாகிவிடும். பிராசிகுவாண்டல் கொடுப்பார்கள். வெள்ளையாக இழுபடும் மலம், ஒட்டிய வயிறு, நிறம் மங்கல் என்றால் குடலில் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இருக்கலாம், மெட்ரோனிடசோலை உணவில் கலந்து கொடுக்கலாம். ஆனால் இரண்டு நாள் சாப்பிடாத மீனுக்கும் மலம் வெள்ளையாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

பதறவேண்டிய இடத்தில் பதறாமல், வேண்டாத இடத்தில் பதறுவதும் நடக்கும். நிறைமாதக் கப்பியை நீர்க்கோவை என்று நினைத்து மருந்துத் தொட்டியில் போட்டவர்கள் எனக்குத் தெரியும். மேலிருந்தும் பக்கவாட்டிலும் பாருங்கள். சினைப்பட்ட மீனின் வயிறு முன்பக்கம் சதுரமாக இருக்கும், செதில் வழவழவென்று படிந்திருக்கும். நீர்க்கோவை என்றால் செதில்கள் பைன் மரக்காய் போல எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கும். அது தனி நோய் கிடையாது, சிறுநீரகம் கைவிட்டதற்கான அடையாளம். அந்த நிலைக்கு வந்த மீன் பிழைத்து நான் பார்த்ததில்லை.

முதுகு வளைந்து, மாதக்கணக்கில் மெலிந்து, அவ்வப்போது ஒன்றாகச் செத்துக்கொண்டே இருந்தால் மீன் காசநோயைச் சந்தேகப்பட வேண்டும். வயதான கப்பிக்கும், பிறவியிலேயே கோணலான கப்பிக்கும் முதுகு வளையும், ஆகவே ஒரே ஒரு மீனை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் அந்த நோயைத் தரும் கிருமிகளில் ஒன்றான மைக்கோபாக்டீரியம் மரைனம் மனிதத் தோலிலும் பிடிக்கும், கையில் காயத்தோடு தொட்டிக்குள் கைவிட்டால் வாரங்கள் கழித்து விரலில் ஆறாத கட்டி வரலாம். காயம் இருந்தால் கையுறை, சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சக் கூடாது, இந்த இரண்டிலும் நான் கண்டிப்பானவன். அப்படி ஒரு கட்டி வந்து மருத்துவரிடம் போனால், மீன் வளர்க்கிறேன் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

புது மீனை நாலு வாரம் தனியாக வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரை எப்போதும் பெரிய தொட்டியின் ஓரத்தில் ஓடவிட்டு வைத்திருந்தால், தேவைப்படும் நாளில் அதைத் தூக்கி இங்கே போட்டுவிடலாம், பாக்டீரியாவோடு வரும். தரையில் மணல் வேண்டாம், மலத்தின் நிறம் தெரிய வேண்டும். மூன்றாவது வாரத்தில் என் மீன் ஒன்றை, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, புது மீன்களோடு விடுவேன். புதியவை தாங்கிக்கொண்டு சுமக்கும் கிருமி, பழகாத என் மீனைத் தாக்கினால் அங்கேயே தெரிந்துவிடும். கொஞ்சம் கொடூரம்தான். ஆனால் அன்று செத்த பதினொன்றுக்கு இங்கே ஒன்று.

இப்போதும் அந்த டப்பாவில் ஒரு நீல வால் ஆண் இருக்கிறது. வால் ஓரம் வெள்ளையாகி, ஒரு பக்கம் பிறை மாதிரி குறைந்திருக்கிறது. துடுப்பழுகலா, மற்ற ஆண்கள் கடித்ததா என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். கடித்ததென்றால் விளிம்பு சுத்தமாக இருக்கும், அழுகல் என்றால் கந்தலாகி, வெள்ளை ஓரம் ஒவ்வொரு நாளும் உள்ளே நகரும். போனில் தினமும் காலை ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரம் நகரவில்லை. இதுவரை தண்ணீரை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன், மருந்து டப்பா மூடியபடியே அலமாரியில் இருக்கிறது. இன்று காலை இரண்டு நீர்ப்பூச்சி போட்டேன், ஒன்றைத் தின்றது, மற்றதை வாயில் போட்டுத் துப்பிவிட்டு மறுபடி பிடித்துத் தின்றது.